ஓரகத்தி உட்கார்ந்த கதை

என் ஓரகத்தி இருபத்திரண்டு வருடமாகப் பச்சைக் கட்சிக்கு ஓட்டுப் போட்டு வந்ததற்குக் காரணம் ஓர் அறுந்த செருப்பு. அவளிடம் கேட்டால் கொள்கை என்பாள், வரலாறு என்பாள், மூச்சு விடாமல் அரை மணி நேரம் பேசுவாள். நம்பாதீர்கள். எனக்குத் தெரியும், ஏனென்றால் என் கட்சியும் அதே லட்சணத்தில்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

நாங்கள் இரண்டு பேரும் பிஸ்கெட் ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவு. அவள் வீட்டுக்கு மூத்த மருமகள், நான் இளையவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கம்பெனி பஸ். கல்யாணமான புதிதில் அவளை "வாங்க அக்கா, போங்க அக்கா" என்றுதான் கூப்பிட்டேன். ஒரே அடுப்பில் பத்து வருடம் வெந்த பிறகு அந்த மரியாதை ஆவியாகிப் போய், இப்போது "அக்கா, தள்ளு" என்ற அளவில் நிற்கிறது.

ஃபேக்டரி கேன்டீனில் இரண்டு நீள மேசைகள். கதவோரம் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று. கதவு மேசை பச்சை யூனியனுடையது, ஜன்னல் மேசை நீல யூனியனுடையது. அப்படி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் அங்கே வேலை பார்க்கும் யாருக்கும் எழுதிக் காட்டத் தேவையும் இல்லை. புதிதாக வருகிறவர் முதல் நாள் மதியம் எந்த மேசையில் டப்பாவைத் திறக்கிறாரோ, ஓய்வு பெறும் வரை அதுதான் அவருடைய மேசை. மேசை எதுவோ அது யூனியன். யூனியன் எதுவோ அது கட்சி. கட்சி வந்துவிட்டால் அப்புறம் விலைவாசி, வெளிநாட்டுச் சண்டை, பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் என்று எல்லாவற்றைப் பற்றியும் நமக்கு ஒரு கருத்து தானாக வந்துவிடும். நாம் மெனக்கெட வேண்டியதே இல்லை.

அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது செருப்பு வார் அறுந்துவிட்டது. மதியம் ஒரு காலை இழுத்துக்கொண்டே கேன்டீனுக்குள் வந்தவளுக்கு ஜன்னல் வரைக்கும் நடக்கப் பொறுமையில்லை. கதவோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஒருத்தி ஓர் ஊக்கை எடுத்துக் கொடுத்து, வாரை எப்படிக் கோப்பது என்றும் காட்டினாள். அந்தப் புண்ணியவதி பச்சை யூனியன். அடுத்த மாதமே அக்கா சந்தா ரசீதோடு வீட்டுக்கு வந்தாள்.

நான் மூன்று வருடம் கழித்துச் சேர்ந்தேன். அன்று காலையில் துணி காயப்போடும் கயிற்றில் அவளுடைய ஈரத் துணியின் மேலேயே என் போர்வையைப் போட்டுவிட்டேன் என்று எங்களுக்குள் பெரிய சண்டை. பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். ஆனாலும் மதியம் கதவு மேசையில் தன் பக்கத்தில் டப்பா மூடியை வைத்து எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி நேராக நடந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அந்த வருடம் முடிவதற்குள் நீலக் கட்சியின் பொருளாதாரக் கொள்கையைப் பற்றி யார் கேட்டாலும் நிறுத்தாமல் பேசும் ஆளாகிவிட்டேன். போர்வையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் பஸ் பழுது பார்க்கும் ஷெட்டில் வேலை. அவர்களுக்குக் கட்சி கிடையாது, தூக்கம் உண்டு. தேர்தல் நாளில் நானும் அக்காவும்தான் ஒன்றாகக் கிளம்புவோம். அவள் பச்சைக்குப் போடுவாள், நான் நீலத்துக்குப் போடுவேன். ஒருத்தி ஓட்டை ஒருத்தி அழித்துவிட்டு, வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு ஒன்றாகத் திரும்பி வருவோம்.

இப்படி எலியும் பூனையும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான், பதினோரு வருடத்துக்கு முன்பு, ஸ்டூல் விவகாரம் வந்தது.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பிஸ்கெட் பெல்ட்டில் வரிசை வரிசையாக வரும். ஒரு கையால் இருபது பிஸ்கெட்டை ஒரே அள்ளாக அள்ளி, உடையாமல் தட்டில் நிறுத்த வேண்டும். மூன்று அள்ளு ஒரு தட்டு. தட்டு நிறைந்ததும் பக்கவாட்டில் தள்ள வேண்டும், அடுத்த தட்டு. முப்பத்தாறு பேர், எட்டு மணி நேரம், நின்றபடி. மதியம் அரை மணி, நடுவில் இரண்டு தடவை பத்து நிமிடம் உட்காரலாம். நீல யூனியன் முதல் தடவையாக, "பெல்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார ஸ்டூல் வேண்டும்" என்று கேட்டது. நீலம் கேட்டதால் பச்சைக்கு அது பிடிக்கவில்லை. "இன்னைக்கு ஸ்டூல் கேப்பாங்க, நாளைக்கு கட்டில் கேப்பாங்க" என்றார்கள்.

இதில் அக்காவின் தனிக்குணத்தைச் சொல்ல வேண்டும். அவள் மற்றவர்களைப் போலச் சும்மா எதிர்க்கவில்லை. கேன்டீனிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்து, பெல்ட்டின் முன்னால் போட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்து நிஜமாகவே வேலை செய்து பார்த்தாள். கேன்டீன் ஸ்டூல் முட்டி உயரம்தான். பெல்ட் அவள் நெஞ்சுக்கு வந்தது. தோளைத் தூக்கித் தூக்கி அள்ள வேண்டியிருந்ததால் கை வேகம் பாதியானது. மேனேஜர் கூட்டம் போட்டபோது எழுந்து நின்று சொன்னாள்: "நான் உட்கார்ந்து பார்த்துட்டுத்தான் சொல்றேன். உட்கார்ந்தா கை ஓடாது. நின்னு செய்யறதுதான் இந்த வேலைக்கு அழகு."

பச்சை மேசை கைதட்டியது. அவர்களைவிடப் பலமாகத் தட்டியவர் மேனேஜர். ஸ்டூல் கோரிக்கை அன்றோடு படுத்தது. ஒரு வாரத்தில் ஹால் வாசலில் ஒரு பலகை தொங்கியது: "நின்று செய்வதே இந்த வேலைக்கு அழகு — பேக்கிங் பிரிவு ஊழியர்." அன்றிலிருந்து ஃபேக்டரியில் அக்காவுக்குத் 'தூண்' என்று பெயர். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்தும் இருந்தது. கைதட்டு வாங்கிய பேச்சை மறுபடி எடுத்துச் சரிபார்க்க யாருக்குத்தான் மனசு வரும்? யார் ஸ்டூல் பேச்சை எடுத்தாலும், தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சண்டைக்கு நிற்பாள்.

நானும் யோக்கியமில்லை. அவள் பேச்சு தப்பு என்று பதினோரு வருடம் சொன்னேனே தவிர, ஏன் தப்பு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாவது பார்த்தேனா என்றால் அதுவும் இல்லை. ஜன்னல் மேசை சொன்னது, நான் சொன்னேன்.

இந்த வருடம் அவளுக்கு நாற்பத்தேழு வயது. ஒரு நாள் சாயங்காலம் சமையலறையில் அவள் கால் உறையைக் கழற்றியபோது நான் பார்த்துவிட்டேன். கெண்டைக்கால் முழுக்க நீல நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

"இது எப்ப இருந்து?"

"உனக்கு எதுக்கு? வெங்காயத்தை நறுக்கு."

"அக்கா, கேக்குறேன்ல."

அவள் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். கம்பெனி புதிதாகக் கொண்டு வந்திருந்த வருடாந்தரத் தகுதிப் படிவம். என்னுடையதில் கம்பெனி டாக்டர் போன வாரமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவளுடையதில் ஐந்தாவது வரி காலியாக இருந்தது: 'எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யத் தகுதி உள்ளவர்.'

"டாக்டர் போட மாட்டேன்னுட்டார். இன்னும் ரெண்டு வருஷம் இப்படி நின்னா அப்புறம் நடக்கவே முடியாதுங்கறார். அஞ்சு வாரம் டைம் குடுத்திருக்கார். அதுக்குள்ள சரியாகலைன்னா..." என்று நிறுத்தினாள். "வெளியதான்."

அந்த வேலை அவளுக்குச் சம்பளம் மட்டுமில்லை. காலையில் தொப்பியும் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு பெல்ட்டின் தலைப்பக்கம் போய் அவள் நிற்கும்போது, வீட்டில் இருப்பவளைவிட ஒரு சாண் உயரமாகத் தெரிவாள். அந்த இடம் இல்லாத அக்காவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"உங்க ஜன்னல்காரங்ககிட்ட வாயைத் திறந்தியோ, கொன்னுடுவேன்" என்றாள்.

முதலில் அவள் தன் பச்சை யூனியன் செயலாளரிடம் போனாள். அவர் ஸ்டோர் கீப்பர், சாவிக்கொத்தோடே பிறந்தவர் மாதிரி இருப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஸ்டூல் நாம எதிர்த்த விஷயமாச்சே அக்கா. அதுவும் நீங்களே பேசினது. இப்ப நாமளே போய்க் கேட்டா ஜன்னல் மேசைக்காரன் சிரிப்பான்" என்றாராம். அவள் வேலை போவது அவருக்குப் பெரிதில்லை, ஜன்னல் மேசை சிரிக்கக் கூடாது.

எங்கள் ஆள் மட்டும் தங்கமா என்று நினைக்காதீர்கள். அக்கா கொன்றாலும் பரவாயில்லை என்று நான் நீல யூனியன் செயலாளரிடம் போனேன். மாவு மூட்டை ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததே, அதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. "தூணே சாஞ்சிருச்சா! அவங்க நம்ம கூட்டத்துல மேடை ஏறி, பச்சை யூனியன்ல இருந்தது தப்புன்னு மன்னிப்புக் கேக்கட்டும். அப்புறம் பாரு, ஸ்டூலுக்கு என்னமா போராடுறோம்னு" என்றார்.

"அவங்க காலு வீங்கியிருக்கு அண்ணே. மேடை ஏற முடியாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அன்று மதியம் ஜன்னல் மேசையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வழி திறந்தது எங்கள் வீட்டுச் சமையலறையில்தான். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் பல்பு மாற்றிவிட்டு, ஷெட்டிலிருந்து கொண்டு வந்த உயரமான ஸ்டூலை வழக்கம்போல நடு வழியில் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அக்கா திட்டிக்கொண்டே அதைச் சமையல் மேடைப் பக்கம் நகர்த்தினாள். கால் வலி தாங்காமல் அதிலேயே ஏறி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கத்திச் சத்தம் வித்தியாசமாகக் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். பீன்ஸை இருபது இருபதாக அள்ளுகிறாள், மேடையில் தட்டிச் சமமாக்குகிறாள், நறுக்குகிறாள், அடுத்த அள்ளு. கை பறந்தது. முழங்கை மேடைக்கு ஒரு விரல் மேலே, தோள் தளர்ந்து இருந்தது.

"அக்கா, அப்படியே இரு. அசையாதே."

"என்னடி, பல்லியா?"

"பல்லி இல்ல. உன் முழங்கையைப் பாரு."

பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து போய்த் தையல் டேப்பைக் கொண்டு வந்து ஸ்டூலை அளந்தாள். மேடையை அளந்தாள். மறுநாள் ஃபேக்டரியில் பெல்ட்டையும் கேன்டீன் ஸ்டூலையும் அளந்துவிட்டு வந்தாள். பெல்ட் எங்கள் சமையல் மேடையைவிட அரை அங்குலம்தான் உயரம். கேன்டீன் ஸ்டூல் எங்கள் வீட்டு ஸ்டூலைவிட ஒரு சாண் குட்டை.

"பாவி, பத்து நிமிஷம் குட்டை ஸ்டூல்ல உட்கார்ந்துட்டு, பதினோரு வருஷம் முப்பத்தாறு பேரை நிக்க வச்சுட்டேனே" என்று சொல்லி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை அவளுடைய அம்மா இறந்தபோது.

மறுநாள் மதியம் கேன்டீனில் ஒரு காரியம் செய்தாள். கதவு மேசைக்கும் ஜன்னல் மேசைக்கும் நடுவில் இருந்த நடைபாதையில் வந்து நின்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஸ்டூல் வேணாம்னு நான்தான் சொன்னேன். பொய் சொல்லல, உட்கார்ந்து பார்த்துட்டுத்தான் சொன்னேன். ஆனா தப்பான உயரத்துல உட்கார்ந்து பார்த்தேன். நீங்க கைதட்டினதும் அதையே கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். நான் சொன்னது தப்பு. எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தன் வாயாலேயே அதைத் திருத்திக்கொண்ட நுணலை நான் அன்றுதான் பார்த்தேன். பச்சைச் செயலாளர் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆளுக்கு, மேடையில் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேன்டீனில் கேட்டுவிட்டாளே என்று வருத்தம். எனக்கு மட்டும் நெஞ்சு நிறைந்துவிட்டது. எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். பிறகு இருவரும் நேராக மேனேஜர் அறைக்குப் போனோம்.

மேனேஜர் சிரித்தார். "நின்று செய்வதே அழகுன்னு நீங்கதானே அம்மா சொன்னீங்க? பலகைகூட இருக்கு."

"நான்தான் சார் சொன்னேன். இப்ப நானே இல்லைங்கறேன். வாய்ப்பேச்சு வேணாம், வச்சுப் பாத்துடலாம். நாலு மணி நேரம். நான் என் உயரத்துக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தட்டு நிரப்பறேன். உங்களுக்குப் பிடிச்ச ஆளை எதிர்ல நிக்க வைங்க. நான் ஜெயிச்சா ஃபார்ம்ல அந்த அஞ்சாவது வரி போகணும், முப்பத்தாறு பேருக்கும் அதே உயரத்துல ஸ்டூல் வரணும்."

"தோத்தா?"

"நானே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன். இந்த ஃபேக்டரியில ஸ்டூல்ங்கற பேச்சே இருக்காது."

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று மேனேஜருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குமாஸ்தாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அக்காவும் போட்டாள். அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஹால்ல வேகமான கை உன்னுதுதானே? மூணு வருஷமா நீதானே முதல்? நீயே எதிர்ல நில்லும்மா."

நான் ஜெயித்தால் அக்கா வெளியே. விட்டுக் கொடுக்கலாம் என்றால், என் வேகம் சூப்பர்வைசருக்கு மனப்பாடம், முதல் மணியிலேயே கண்டுபிடித்துப் போட்டி செல்லாது என்று சொல்லிவிடுவார். பஸ்ஸில் வரும்போது இதையெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"நீ வேணும்னே மெதுவாப் பண்ணினே, இந்த ஜென்மத்துல உன்கூடப் பேச மாட்டேன். தெரிஞ்சுதா? நீ நிஜமா ஓடி நான் ஜெயிச்சாத்தான் அது உண்மை. இல்லேன்னா மறுபடியும் குட்டை ஸ்டூல் கதைதான்."

"நான் ஜெயிச்சுட்டா?"

"அப்ப வீட்ல இருந்துக்கிட்டு உனக்கு டப்பா கட்டிக் கொடுக்கறேன். போ."

வெள்ளிக்கிழமை காலை அந்த உயரமான ஸ்டூலைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றினோம். டிரைவர் முணுமுணுத்தார். அது நடுவில் ஜம்மென்று நின்றுகொண்டு வந்தது, உட்கார இடம் கிடைக்காத ஒரு பெண் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். எட்டு மணிக்குச் சங்கு ஊதியது. பெல்ட்டின் தலைப்பக்கம் அவள், எதிரில் நான். சூப்பர்வைசர் கையில் நோட்டு.

முதல் மணி நேரம் என் கை எனக்கே பெருமையாக இருந்தது. நான் நூற்றுப் பதினெட்டுத் தட்டு, அவள் நூற்று ஒன்பது. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். இரண்டாவது மணியில் நான் நூற்றுப் பன்னிரண்டு, அவள் நூற்றுப் பத்து. மற்றவர்கள் வேலை செய்துகொண்டே காதை எங்கள் பக்கம் வைத்திருந்தார்கள். மூன்றாவது மணியில் என் குதிகாலில் சூடு ஏற ஆரம்பித்தது. தினமும் ஏறுகிற சூடுதான், ஆனால் பத்தொன்பது வருடமாக அதை நான் கணக்கில் எடுத்ததே இல்லை. நூற்று ஒன்றுக்கு வந்துவிட்டேன். அவள் நூற்று எட்டு. மூன்று மணி நேரத்தையும் கூட்டினால் நான் நான்கு தட்டு முன்னால்.

பத்து நிமிட இடைவேளை விட்டார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அவளிடம் போனேன்.

"அக்கா, நாலு தட்டுதான். நான் கொஞ்சமே கொஞ்சம்..."

"வாயை மூடு. உன் கால் என்ன சொல்லுது?"

"எரியுது."

"இடுப்பு?"

"பிடிச்சு இழுக்குது."

"எனக்கு ஒண்ணுமே சொல்லல" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "போ. உன்னால முடிஞ்ச மட்டும் ஓடு."

ஓடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அப்படி ஒரு வேகத்துக்கு நான் முயன்றதில்லை. ஆனால் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் அள்ளு போனது. இடுப்பைப் பிடித்துக்கொள்ள ஒரு கை போனால் இன்னோர் அள்ளு. அவசரத்தில் அள்ளிய பிஸ்கெட் கையிலேயே நொறுங்கியது. எதிரில் அவள் உட்கார்ந்திருந்தாள், அள்ளினாள், நிறுத்தினாள், தள்ளினாள். முதல் மணியில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது அவள் கை. அடுப்புப் பிரிவில் இடைவேளை விட்டிருந்ததால் அங்கே இருந்தவர்களும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவரோரமாக நின்றார்கள். யாரோ பெல்ட்டைத் தட்டித் தாளம் போட ஆரம்பித்தார்கள். கதவு மேசைக்காரி ஒருத்தி "விடாதே அக்கா!" என்று கத்தினாள். அதே வார்த்தையை ஜன்னல் மேசைக்காரி ஒருத்தியும் கத்தினாள். எனக்கு ஆதரவாக ஒரு குரல்கூட வரவில்லை. எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை.

பன்னிரண்டு பத்துக்கு மதியச் சங்கு ஊதியது. நான் தொண்ணூற்று மூன்று. அவள் நூற்றுப் பத்து.

சூப்பர்வைசர் கூட்டிப் பார்த்தார். குமாஸ்தா கூட்டிப் பார்த்தார். மேனேஜர் இரண்டு பேரிடமிருந்தும் நோட்டைப் பிடுங்கித் தானே கூட்டிப் பார்த்தார். நானூற்று இருபத்து நான்கு, நானூற்று முப்பத்தேழு. நாலு மணி நேரத்தில் பதின்மூன்று தட்டு கூடுதல். உடைசலும் என் பக்கத்தில்தான் அதிகம்.

ஹாலில் எழுந்த சத்தத்தில் மாவுக் கிடங்கிலிருந்துகூட ஆட்கள் ஓடி வந்தார்கள். தொப்பிகள் பறந்தன. எந்தத் தொப்பி பச்சை, எந்தத் தொப்பி நீலம் என்று யார் பார்த்தார்கள்? நான் பெல்ட்டைச் சுற்றி ஓடிப் போய் அக்காவைக் கட்டிக்கொண்டேன். தோற்றுப்போய் ஆனந்தக் கண்ணீர் விட்ட ஆள் அந்த ஹாலில் நான் ஒருத்திதான்.

"நிஜமாத்தானே ஓடினே?" என்று என் காதில் கேட்டாள்.

"என் காலைப் பிடிச்சுப் பாரு, எப்படி நடுங்குதுன்னு."

மேனேஜர் பாவம், கையெழுத்துப் போட்ட மனுஷன். கூடுதல் தட்டைப் பார்த்த பிறகு அவருக்கும் கசக்கவில்லை. மூன்றாவது வாரம் முப்பத்தாறு ஸ்டூல் லாரியில் வந்து இறங்கியது. அக்கா தையல் டேப்போடு வாசலில் நின்று ஒவ்வொன்றாக அளந்துதான் உள்ளே விட்டாள். இரண்டு ஸ்டூல் குட்டை என்று திருப்பியும் அனுப்பினாள். ஐந்தாவது வரி இல்லாத புதுப் படிவம் வந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். கெடு முடிய நான்கு நாள் பாக்கி இருந்தது. அந்தப் படிவத்தை அவள் என்னிடம் நீட்டிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், பரீட்சையில் தேறின பிள்ளை மார்க் ஷீட்டை நீட்டுகிற மாதிரி.

ஆனால் கதை அங்கே முடிந்தால் இவளைப் பற்றி நான் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இரண்டு மாதத்தில் பொதுத் தேர்தல் வந்தது. பச்சை யூனியன், "எங்கள் உறுப்பினரின் மாபெரும் வெற்றி" என்று போஸ்டர் ஒட்டியது. நீல யூனியன், "பதினோரு வருடத்துக்கு முன்பே நாங்கள் எழுப்பிய கோரிக்கை" என்று அதன் பக்கத்திலேயே ஒட்டியது. இரண்டும் உண்மைதான், மறுக்க முடியாது. ஒரு நாள் காலை இடைவேளையில் இரண்டு செயலாளர்களும் ஒரே நேரத்தில் ஹாலுக்குள் வந்தார்கள். ஆளுக்கொரு கொடி, ஆளுக்கொரு போட்டோகிராபர். அக்கா எந்தக் கொடியைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறாளோ அந்தப் பக்கம் பேக்கிங் பிரிவு முழுவதும் சாயும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

"அக்கா, இருபத்திரண்டு வருஷமா நம்ம மேசை" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"ஸ்டூலை முதல்ல கேட்டது யாருன்னு மட்டும் நினைச்சுப் பாருங்க" என்றார் வண்டி ஓட்டுபவர்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தபடி இரண்டு பேரையும் பார்த்தாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள்:

"கொடி இருக்கட்டும். அடுப்புப் பிரிவுல எட்டுப் பேர் நாள் முழுக்க அந்த அனல்ல நிக்கிறாங்க. அன்னைக்கு வேடிக்கை பார்க்க வந்தப்ப அவங்க சட்டையைப் பிழிஞ்சிருந்தா ஒரு வாளி தேறும். அங்க ஒரு ஃபேன்கூடக் கிடையாது. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் உள்ள போய், உங்களுக்கு என்ன வேணும்னு அவங்களைக் கேட்டிருக்கீங்களா?"

இரண்டு போட்டோகிராபர்களும் கேமராவைக் கீழே இறக்கினார்கள்.

"யார் போய்க் கேட்டு முதல்ல வாங்கித் தர்றீங்களோ, இந்தத் தடவை அவங்களுக்கு என் ஓட்டு. அடுத்த தடவை யாருக்குன்னு அப்பப் பார்ப்பேன். அப்பவும் உட்கார்ந்து பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்."

"என் ஓட்டும் அப்படித்தான்" என்றேன் நான். பத்தொன்பது வருட நீலம் என்னைவிட்டு எப்படிப் போனது என்றே தெரியவில்லை, உடம்பு லேசாக இருந்தது.

"என்னுதும்" என்றது கதவு மேசைக் குரல் ஒன்று. "என்னுதும்தான்" என்றது ஜன்னல் மேசை. பெல்ட் நெடுக அந்த வார்த்தை ஒவ்வொரு ஸ்டூலாகத் தாவிக்கொண்டே கடைசி வரைக்கும் போனது.

செயலாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் வண்டி ஓட்டுபவர் மெதுவாக அடுப்புப் பிரிவுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்து ஸ்டோர் கீப்பர் கொஞ்சம் வேகமாக நடந்தார். அதைப் பார்த்து இவர் இன்னும் வேகமாக. வாசலைத் தாண்டும்போது இரண்டு பேரும் ஓட்டமாகவே ஓடினார்கள், சாவிக்கொத்து கிலுகிலுவென்று சத்தம் போட்டது, கொடிகள் கதவில் மாட்டிக்கொண்டன.

நாங்கள் முப்பத்தாறு பேரும் அதை உட்கார்ந்தபடியே பார்த்தோம்.